அண்ணி வாய் திறக்காத வாரம்

அண்ணியின் தலையைச் சிக்கெடுத்து முடிப்பதற்குள் என் இடுப்பு ஒடிந்துவிடும். இந்த வயதில் இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி யாருக்கு வேண்டும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் சீப்பை எடுப்பேன். படுத்தே கிடப்பதால் பின்தலையில் முடி திரண்டு தேங்காய் நார் மாதிரி ஆகியிருக்கும். எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, திரளின் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வர வேண்டும். இழுத்தால் அவருக்கு வலிக்கும். வலித்தாலும் சொல்ல முடியாது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சில்லை.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு புடவைக் கடையில் பாதி ஆயுள் நின்று வேலை பார்த்துவிட்டு, பெற்றோர் விட்டுப்போன புக்கிட் மேரா வீட்டில் தனியாக இருந்தார். ஒரு நாள் குளியலறையில் விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா சந்தேகப்பட்டு எங்களுக்குப் போன் செய்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. வலது கையும் வலது காலும் போயின. வாய் வலப்பக்கம் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. பல வாரம் மருத்துவமனையில் இருந்த பிறகு, புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகன் பல்கலைக்கழக விடுதிக்குப் போய் அறை காலியாக இருந்தது. அதில் கட்டில் போட்டோம்.

எனக்கும் அண்ணிக்கும் சண்டை என்று எதுவும் இருந்ததில்லை. ஒட்டுதலும் இருந்ததில்லை. நான் கல்லூரிக் காலத்திலிருந்தே முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொள்கிறவள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்குப் புடவையோடு ஒரு பாட்டில் கூந்தல் தைலமும் கொடுப்பார். அத்தனை தைலத்தையும் எந்தத் தலையில் தேய்ப்பது? வாங்கி அலமாரியில் அடுக்கிவைப்பேன். அவர் கிளம்பிப் போனதும் கணவர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

வேலைக்குக் கேட்டிருந்த பணிப்பெண் இன்னும் வந்துசேரவில்லை. கணவருக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. இருட்டும்போது கிளம்பினால் மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புவார். வந்ததும் கட்டையாகச் சாய்ந்துவிடுவார். ஆகையால் காலையும் மதியமும் என் தலையில். அலுவலகத்தில் கெஞ்சி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். ஒரு கண் மடிக்கணினியில், ஒரு கண் அண்ணி மேல். கூட்டம் நடக்கும்போது கேமராவை அணைத்துவிட்டு டயப்பர் மாற்றியிருக்கிறேன்.

மருத்துவமனையில் எனக்குப் பராமரிப்புப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நான் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ரகம். பள்ளியில் படித்த நாளிலிருந்தே அப்படித்தான். படுக்கையின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். தண்ணீரை அப்படியே கொடுக்கக்கூடாது, மாவு கலந்து கெட்டியாக்கிக் கரண்டியில் கொடுக்க வேண்டும். சாப்பாட்டை மசித்துக் கூழாக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடிந்த பிறகு வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். வலுவிழந்த கன்னத்துக்குள் சாப்பாடு தங்கினால் அது நழுவி நுரையீரலுக்குப் போய்விடும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று அந்தத் தாதி என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார். அதற்கென்று நுனியில் பஞ்சு வைத்த குச்சிகள் ஒரு பெட்டி வாங்கிவந்தேன். சாப்பாடு, பிறகு வாய். இந்த வரிசையை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கரண்டியை நீட்டினேன். அண்ணி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். சூடாக இருக்கிறதோ என்று ஊதிக் கொடுத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டார். இடது கையைத் தூக்கி வாயருகே கொண்டுபோய் இப்படியும் அப்படியும் அசைத்தார். வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். புது இடம், பழகட்டும் என்று கிண்ணத்தை மூடிவைத்தேன். சாப்பிடாத வாயை எதற்குச் சுத்தம் செய்வது? பஞ்சுக் குச்சி பெட்டியிலேயே இருந்தது.

மதியமும் அதே கதை. மூன்று மணிக்கு மேல் பசி தாங்காமல், வேப்பங்காயைக் கடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ கொஞ்சம் வாங்கிக்கொண்டார். அப்போது குச்சியால் வாயைத் துடைத்துவிட்டேன். மாலையில் கணவர் எழுந்து, வேலைக்குக் கிளம்பும் முன்பு ஊட்டியபோது அரைக் கிண்ணத்துக்கு மேல் சாப்பிட்டார். தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. காலையில் பூட்டுப் போட்ட வாய். மதியம் வேண்டாவெறுப்பாக ஒன்றிரண்டு. மாலையில் தம்பி கையால் அரைக் கிண்ணம். இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள். மருத்துவமனையில் முகம் தெரியாத தாதிகள் ஊட்டிய எல்லாவற்றையும் சாப்பிட்டவர், என் கரண்டியைக் கண்டதும் வாயை மூடுகிறார் என்றால், என் கை அவருக்கு ஆகவில்லை. அவ்வளவுதான். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ராத்திரி பகல் பார்க்காமல் செய்கிறோமே, இதற்குக்கூட நான் லாயக்கில்லையா என்று இருந்தது.

சாப்பாடும் தண்ணீரும் குறையக் குறைய உதடு வெடித்தது. கீழுதட்டின் நடுவில் ஒரு கோடு பிளந்து ரத்தம் கசிந்தது. வலது ஓரத்திலோ எச்சில் ஒழுகி ஒழுகிப் புண். ஒரே உதட்டில் ஒரு பக்கம் பாலைவனம், ஒரு பக்கம் சேறு. காய்ந்த இடத்தில் வாசலின் தடவினேன். ஈரமான இடத்தை ஒற்றியெடுத்து மருந்து போட்டேன். அதற்கெல்லாம் அண்ணி பேசாமல் முகத்தைக் காட்டினார். தலையையும் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் தேய்க்கத் தேய்க்கக் கழுத்தைத் தளர்த்திக் கொடுப்பார். என் கை ஆகாதென்றால் தலைக்கு மட்டும் எப்படி ஆனது என்று நான் யோசித்திருக்க வேண்டும். களைத்துப்போனவளுக்கு யோசனை எங்கே ஓடுகிறது.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வரும் நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், வேகவேகமாகப் பேசுகிறவள். ரத்த அழுத்தம் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஆன்ட்டி, மார்னிங் மாத்திரை போகுதா இல்லையா?"

"வாயே திறக்க மாட்டேங்கிறாங்கம்மா. சாயங்காலம் உள்ளது மட்டும் போகுது."

"அப்படி விட முடியாது ஆன்ட்டி. பிபி ஹையா இருக்கு, இன்னொரு ஸ்ட்ரோக் வந்தா ரொம்பக் கஷ்டம். வெயிட்டும் இறங்கிடுச்சு. டாக்டர்கிட்ட பேசறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அதுக்கப்புறமும் இப்படித்தான்னா மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் ஆகணும்."

ட்யூப் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மருத்துவமனையில் எதிர்க் கட்டிலில் ஒரு சீன மூதாட்டி இருந்தார். மூக்கில் குழாய். அதைப் பிடுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கையிலும் தடித்த உறை மாட்டியிருந்தார்கள், குத்துச்சண்டைக்காரர்கள் போடுவது போல. அவர் அந்த உறைகளை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே படுத்திருப்பார். அண்ணிக்கு மிஞ்சியிருப்பது ஒரு கை. அதைக்கொண்டுதான் போர்வையை இழுத்துக்கொள்கிறார், முகத்தில் விழும் முடியை ஒதுக்குகிறார், கொசுவை விரட்டுகிறார். அந்தக் கைக்கும் உறை மாட்ட வேண்டும். அதை என் கையாலேயே மாட்டிவிட வேண்டும்.

கணவரிடம் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார்.

"அக்காவுக்கு வாழப் பிடிக்கலைபோல" என்றார் கடைசியில்.

"உங்க கையால மட்டும் வாழப் பிடிக்குதாக்கும்."

"ஏன் இப்படிப் பேசற? நான் வேணா லீவு போட்டுக் காலையில ஊட்டிப் பார்க்கட்டுமா?"

"போடுங்க. எத்தனை நாளைக்குப் போடுவீங்க?"

விடுப்பெல்லாம் மருத்துவமனைக்கு அலைந்ததிலேயே தீர்ந்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

வியாழன் மதியம் தலை வாரிக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கத் துணிவில்லை. பின்னால் நின்றுகொண்டுதான் கேட்டேன். "என் கையால சாப்பிடறது அவ்வளவு கேவலமா அண்ணி? நாளைக்கு மூக்குல குழாய் போடப்போறாங்க. அது பரவாயில்லையா உங்களுக்கு?" அண்ணி இடது கையைத் தூக்கினார். பின்னால் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு அந்தக் கையை வாயருகே கொண்டுபோய், மறுபடியும் இப்படியும் அப்படியும் அசைத்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வேண்டாம், வேண்டாம் என்கிறார் என்றே நினைத்தேன். சரி, உங்கள் இஷ்டம் என்று பின்னலை முடிந்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு மடிக்கணினியைத் திறந்தேன்.

வெள்ளிக்கிழமை எழும்போதே தாமதமாகிவிட்டது. எட்டரைக்கு மேல் நர்ஸ் வந்துவிடுவாள். அதற்குள் டயப்பர் மாற்ற வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும், ஒப்புக்காவது கஞ்சி ஒரு முறை நீட்டிப் பார்க்க வேண்டும். பல் தேய்க்க நின்றால் நேரம் போகுமே என்று பிரஷை வாயில் வைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றினேன். ஒரு கையால் அடுப்பைப் பற்றவைத்தேன், ஒரு கையால் வாஷிங் மெஷினில் துணியைத் தள்ளினேன். வாய் நிறைய நுரையோடு அண்ணியின் அறைக்குள் போய்த் திரையை விலக்கினேன். கீழே எல்ஆர்டி ரயில் போய்க்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால் அண்ணி என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் பார்த்ததில்லை. கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு, ஒரு வாரமாக நான் கெஞ்சிக் கூத்தாடியும் திறக்காத அந்த வாயை, காய்ந்த உதடு பிளந்து மறுபடி ரத்தம் கசியும்படி அகலத் திறந்தார். திறந்தபடியே காட்டினார். இடது கை வாயருகே போயிற்று. இப்படியும் அப்படியும் அசைந்தது.

என் வாயிலிருந்த பிரஷும் அதேபோல்தான் அசைந்துகொண்டிருந்தது.

கல்யாணமான புதிதில் இரண்டு வருடம் புக்கிட் மேரா வீட்டில் இவரோடுதான் இருந்தேன். விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். பல் தேய்த்து, நாக்கை வழித்து, அந்த மாடி முழுவதும் கேட்கும்படி ஓங்கரித்துக் கொப்பளிப்பார். நான் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் தண்ணீர், அதற்குப் பிறகுதான் காப்பி. பல் தேய்க்காத வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது அவருக்கு. ரத்தப் பரிசோதனைக்காகப் பட்டினி கிடக்கும் நாளில்கூடப் பல் மட்டும் தேய்க்காமல் வெளியே இறங்கமாட்டார். தமிழ் வீடுகளில் இது ஒன்றும் அதிசயமில்லை. என் அம்மா வீட்டிலும் அதே வழக்கம்தான். எனக்குத் தெரியாத விஷயமா இது? ஆனால் பயிற்சியில் சாப்பிட்ட பிறகு என்று சொன்னார்கள். நானும் சாப்பிட்ட பிறகு என்றே நின்றேன். ராத்திரி முழுக்க ஊறிய வாயோடு அவரைச் சாப்பிடச் சொன்னேன். மதியம் நான் துடைத்துவிட்ட வாய் என்பதால்தான் மாலையில் தம்பி கையால் சாப்பிட்டிருக்கிறார். அவர் சாப்பிட்டால்தான் நான் துடைப்பேன்; நான் துடைத்தால்தான் அவர் சாப்பிடுவார். இப்படியே ஒரு வாரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஓடிப்போய் வாயைக் கழுவிவிட்டு வந்தேன். அலமாரியில் ஒரு புதுப் பிரஷ் இருந்தது. கட்டிலை நன்றாக நிமிர்த்தி, முகவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, பிரஷை நனைத்து உதறி, துளி பற்பசை தொட்டுத் தேய்த்தேன். தண்ணீர் உள்ளே போய்விடாமல் ஈரத் துணியால் உடனுக்குடன் துடைத்தெடுத்தேன். எல்லாப் பல்லும் அவருடைய சொந்தப் பல். உள்பக்கம், கடைவாய், மரத்துப்போன வலது கன்னத்துக்குள் என்று ஒரு இடம் விடவில்லை. முடித்துவிட்டேன் என்று நினைத்துப் பிரஷைக் கீழே வைத்தேன். அண்ணி நாக்கை நீட்டினார். கோணலாக, முழுவதும் வெளியே வராமல், ஆனால் நீட்டினார். நாக்கு வழிப்பான் இல்லை. துணியை விரலில் சுற்றி மெதுவாக வழித்துவிட்டேன். வெள்ளையாகப் படிந்திருந்தது மூன்று முறை வழித்த பிறகுதான் போயிற்று. அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. உதட்டில் வாசலின் தடவிவிட்டேன்.

எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். இதைச் சொல்லத்தானா அந்தக் கையை அத்தனை தடவை ஆட்டினீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆட்டத்தான் செய்தார்.

கெட்டியாக்கிய காப்பியை முதலில் கொடுத்தேன். கரண்டி உதட்டைத் தொடுமுன்பே வாய் திறந்திருந்தது. பிறகு மாத்திரை கலந்த கஞ்சி. ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்கும்வரை தொண்டையைப் பார்த்துக் காத்திருந்து அடுத்ததைக் கொடுத்தேன். அந்த நேரத்தில்தான் நர்ஸ் வந்தாள். கதவைத் திறந்துவிட்டு ஓடிவந்து மறுபடி கரண்டியை எடுத்தேன். அவள் தோள்பையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"என்ன ஆன்ட்டி பண்ணீங்க?"

"பல் தேய்ச்சுவிட்டேன்."

"சாப்பிடறதுக்கு முன்னாடியா?"

"அண்ணி பல் தேய்க்காம எதையும் வாயில வைக்கமாட்டாங்கம்மா. எனக்குத்தான் ஞாபகம் வரலை."

அவள் தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "வார்டுல நைட் ஷிஃப்ட் ஸ்டாஃப் போறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் மவுத் கிளீன் பண்ணிடுவாங்க லா. அதான் அங்க சாப்பிட்டிருக்காங்க. நீங்க விசிட்டிங் டைம்ல வர்றவங்க, அதைப் பார்த்திருக்க மாட்டீங்க" என்றாள். பிறகு அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையில் விரல் வைத்து விழுங்குவதைக் கவனித்தாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். இன்றைக்கு இன்னும் அதிகம்தான், மாத்திரை இரண்டு மூன்று நாள் ஒழுங்காகப் போகட்டும், திங்களன்று வந்து பார்க்கிறேன் என்றாள். "ட்யூப் இப்ப வேணாம். டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

கிண்ணம் காலியாகிவிட்டது. நான் பயிற்சிப்படி பஞ்சுக் குச்சியை எடுத்தேன். அண்ணி என் கையைத் தள்ளிவிட்டார். திக்கென்றது. அவர் இடது கையை மெல்ல நகர்த்திக் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டு, அதை என் பக்கம் தள்ளினார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

இன்னும் வேண்டுமாம். சட்டியில் ஒரு துளி இல்லை. வைத்த கஞ்சியை எல்லாம் ஒவ்வொரு காலையும் குப்பையில் கொட்டிக் கொட்டிச் சலித்துப்போய், அன்று நர்ஸிடம் காட்டுவதற்கென்று ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மட்டும்தான் வைத்திருந்தேன்.

"இருங்க அண்ணி, வெச்சுக் கொண்டாறேன்" என்று எழுந்து போனேன். பின்னாலிருந்து நர்ஸ் ஏதோ கேட்டாள், திரும்பவில்லை. அரிசி டப்பாவைத் திறந்து, கையை உள்ளே விட்டபடியே நின்று அழுதேன்.